பலகையில் இருந்த ஃபியூஸ் கட்டை

கோடை வந்தால் லைன்மேனுக்கு நாய்ப் பிழைப்பு. எவன் வீட்டு விசிறி நின்றாலும் திட்டு வாங்குவது அவர்தான். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் போகிறது. அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை, அதிசயமாக லீவும் கிடைத்து வானமும் மூடிக்கொண்டதும், மனிதர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பாய்கூட விரிக்காமல் கூடத்துச் சிமெண்டுத் தரையில் சாய்ந்துவிட்டார். கேட்க வேண்டிய மனைவி கொல்லைப்புறத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

தரை முதுகுக்குச் சில்லென்று இருந்தது. வெளியே ஓர் இலை அசையவில்லை, ஒரு காக்கை கத்தவில்லை. எதற்கும் நிழல் இல்லாததால் மணி பத்தா நாலா என்றே தெரியவில்லை. போதாக்குறைக்கு மின்சாரமும் நின்றது. தலைக்கு மேல் விசிறி நாலு சுற்றுச் சுற்றி ஓய்ந்தது. பக்கத்து வீட்டு டிவி வாயை மூடியது. அட, இதுவல்லவா சொர்க்கம் என்று அவர் காலை நீட்டிக்கொண்டார்.

மின்சாரத்தை நிறுத்தியவன் அவருடைய மைத்துனன்தான். அவனும் லைன்மேன். உயரத்தையும் ஒல்லியையும் பார்த்து ஆபீஸே அவனை ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும். தாயில்லாப் பிள்ளையாக அக்காள் கையில் வளர்ந்தவன். தனக்கென்று பிள்ளை இல்லாத குறையை அவள் இவனை வைத்துத்தான் மறந்தாள். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம்.

தெருவுக்கான ஃபியூஸ் பெட்டி இவர்கள் வீட்டு மதிலை ஒட்டியே இருந்தது. கம்பம் ஏறுகிறவன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்வரை கடவுளே வந்து கேட்டாலும் கொடுக்கக் கூடாது. கட்டை பையில் இருந்தால்தான் உயிர் உடம்பில் இருக்கும். ஆனால் இந்த வீட்டில் மட்டும் ஒரு தனி வழக்கம். வேலையை முடித்து இறங்கி வருகிறவர் கட்டையைத் தண்ணீர்ப் பானைப் பலகையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போவார். மனைவி அதை எடுத்துப்போய்ப் பெட்டியில் செருகிவிடுவாள். "சம்பளம் வாங்காத லைன்மேன் ஊரிலேயே நான் ஒருத்திதான்" என்று அதில் அவளுக்குப் பெருமை வேறு.

ஒட்டடைக்குச்சி தண்ணீர் குடிக்க உள்ளே வந்தான்.

"ஐயோ மாமா, என்ன சுகம்! எனக்கும் கொஞ்சம் தரை விடுங்க."

"போய்ப் பொழப்பப் பாருடா."

"ரெண்டே நிமிஷம்." பக்கத்தில் படுத்துவிட்டான். பையிலிருந்த கட்டை நெஞ்சில் குத்தியிருக்க வேண்டும். நீளக் கையை நீட்டினான். பலகையில் டக்கென்று பீங்கான் சத்தம்.

கண்ணை மூடியிருந்தாலும் அந்தச் சத்தம் அவருக்குத் தெரியாதா? எழும்போது எடுத்துக்கொள்வான் என்று இருந்துவிட்டார். வாயைத் திறக்கவே சோம்பல். பாழாய்ப்போன சோம்பல்!

"போறேன் மாமா. தெருமுனைக் கம்பத்துல அரை மணி நேர வேலை."

"போறேன்னு சொல்லாதடா. உனக்கு எத்தனை தடவ சொல்றது?"

"சரி, சரி. வரேன்."

நடைச்சத்தம் வாசல் தாண்டித் தேய்ந்தது. அவருக்குக் கண் செருகியது.

முகத்தில் காற்று பட்டபோது அரைத் தூக்கத்தில் விழிப்புத் தட்டியது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முடித்துவிட்டான் போலிருக்கிறது, பரவாயில்லையே என்று நினைத்தார். கண்ணைத் திறக்க மனம் வரவில்லை. பக்கத்தில் ஆள் வந்து படுக்கும் அரவம் கேட்டது. ஒல்லியான முழங்கை ஒன்று அவர் விலாவில் பட்டது. தரையைவிடக் குளிர்ந்திருந்தது.

"முடிச்சிட்டியா?"

"இல்ல மாமா."

"அப்புறம் எதுக்குடா வந்த?"

"வரேன்னு சொன்னேன்ல."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. வேலை முடியலைன்னா கட்டைய யாருடா போட்டா?"

எங்கேயோ முடி பொசுங்கும் நாற்றம் வந்தது.

"அக்கா," என்றான். பிறகு மெதுவாக, "அவகிட்ட சொல்லாதீங்க மாமா. தாங்க மாட்டா" என்றான்.

அவர் கண்ணைத் திறந்தார். பக்கத்தில் வெறும் தரை. பலகையில் பானை மட்டும் இருந்தது.

வாசல்பக்கமிருந்து மனைவி உள்ளே வந்தாள். "பாத்தீங்களா உங்க மச்சினனை? வேலைய முடிச்சவன் ஒரு வார்த்தை சொல்லாம ஓடிட்டான். பலகையில கட்டை இருந்துச்சு, நானே போட்டுட்டேன். ஈரக் கையத் தொடைச்சிட்டுத்தான் போட்டேன், முறைக்காதீங்க. கல்யாண மாப்பிள்ளைக்கு அப்படி என்ன அவசரமோ!"

தெருமுனையில் யாரோ கத்தினார்கள். இன்னும் பல குரல்கள் சேர்ந்துகொண்டன.

அவர் ஓடினார். எங்கே ஓடினாலும் லைன்மேன் முதலில் ஓட வேண்டிய இடம் ஒன்றுதான். மதிலோரப் பெட்டியிலிருந்து கட்டையைப் பிடுங்கினார். போட்டுக்கொள்ளச் சட்டை இல்லை, வைத்துக்கொள்ளப் பை இல்லை. கட்டையைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு திரும்பியபோது மனைவி பின்னாலேயே வந்து நின்றாள்.

"என்னங்க ஆச்சு? எதுக்குப் பிடுங்கினீங்க?"

"நான்தான் போட்டேன்." அவர் குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "கேட்டுக்கோ. யாரு கேட்டாலும் கட்டையப் போட்டது நான். நீ கொல்லையில துணி துவைச்சிட்டு இருந்த."

"என்ன உளர்றீங்க? நான்தானே இப்போ..."

"நான்தான் போட்டேன்."

ஒருவன் தலைதெறிக்க ஓடி வந்துகொண்டிருந்தான். "அண்ணே! நம்ம ஒட்டடைக்குச்சி... கம்பத்துல..." என்றவன், அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

கூடத்தில் விசிறி ஓய்ந்திருந்தது. அவள் கணவரின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து தன் வலது கையைப் பார்த்தாள்.