உறை பிரிக்காத வார்டு

மார்ச் பதினான்காம் தேதி காலை, மாவட்ட அரசு மருத்துவமனையின் தரைத்தளத் தாழ்வாரத்தில், பெருந்தொற்று ஒத்திகையின்போது நோயாளி ஒருவர் இறந்ததாக அறிவிக்கப்பட்டார்.

நோயாளியாக நடித்தவர் மருத்துவமனையின் வாயில் காவலர். வேறு யாரும் முன்வராததால் அவரைப் பிடித்துப் படுக்க வைத்திருந்தார்கள். அவரும் குறை வைக்கவில்லை. ஆம்புலன்சிலிருந்து இறக்கும்போதே கண்ணைச் செருகிக் காலை உதறியதில், ஸ்ட்ரெச்சர் தள்ளியவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தி, பக்கத்திலேயே, பிளாஸ்டிக் உறையை ஒரு பக்கம் மட்டும் ஒதுக்கிவிட்ட சுவாச இயந்திரத்தை உருட்டிக்கொண்டு, பின்கட்டிலிருக்கும் தொற்று வார்டில் அவரைச் சேர்க்க வேண்டும். வாசலில் மின்சாரத்தில் ஒழுங்காக ஓடிய இயந்திரம், பிளக்கைப் பிடுங்கித் தாழ்வாரத்தில் கொஞ்ச தூரம் போவதற்குள் கீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. வார்டிலிருந்து இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். அதுவும் நின்றது. எட்டு இயந்திரங்களும் அப்படியே.

ஒத்திகையை நடத்த சுகாதாரத் துறைத் தலைமையகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி, ஸ்ட்ரெச்சர் அருகே குனிந்தார்.

“நீங்க இறந்துட்டீங்கய்யா. எழுந்துக்கலாம்.”

காவலர் மாஸ்க்கை விலக்கினார். “முழுசாவா மேடம்? இல்ல, இன்னும் கொஞ்சம் இழுத்துக்கிட்டுக் கெடக்கணுமா? சொல்லிட்டீங்கன்னா ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுவேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். வார்டின் பொறுப்பு சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஸ்ட்ரெச்சர் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போன தொற்றின்போது அவருடைய தங்கை கணவர் இதே தாழ்வாரத்தில், இயந்திரத்துக்காகக் காத்திருந்தபடியே இறந்தார். அன்று சிஸ்டர் மாடியில் வேலையில் இருந்தார்.

அந்தத் தொற்று ஓய்ந்த பிறகுதான் அரசு மாவட்டத்துக்கு ஒரு தொற்று வார்டு ஒதுக்கியது. அடுத்த முறை யாரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கக்கூடாது என்பது உத்தரவின் சாரம். எப்போதும் தயார் நிலையில் இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. தயார் நிலை என்றால் என்ன என்று எழுதியிருக்கவில்லை. பொறுப்பைச் சிஸ்டர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வார்டைக் கண்ணில் வைத்துக் காத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். தரையில் முகம் பார்க்கலாம். கட்டில்களின் மேல் விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருக்கும். இயந்திரங்களைத் தொழிற்சாலையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு சுவரோரம் நிறுத்தியிருந்தார். மின்சாரம் ஏறி இறங்கினால் கெட்டுவிடுமே என்று பிளக்குகளைப் பிடுங்கி, வயரைச் சுற்றி, ரப்பர் போட்டு வைத்திருந்தார். தூசு படக்கூடாது என்று ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை. பார்வையிட வந்தவர்களெல்லாம் புதுசு கலையாமல் இருக்கிறதே என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. அவர் காதுபடாமல் எல்லோரும் அவரைப் பூட்டு சிஸ்டர் என்றார்கள். அவருக்கும் அது தெரியும்.

பூட்டுக்குக் காரணம் இருந்தது. அந்த மருத்துவமனையில் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குக் கைமாத்தாகப் போன எதுவும் திரும்பியதில்லை. சக்கர நாற்காலி, மேசைவிளக்கு, ஒருமுறை ஒரு முழுக் கட்டில். கேட்டால், இது எங்களுடையதுதானே என்பார்கள். குழந்தைகள் பிரிவு டாக்டரம்மா ஒருநாள் நேரில் வந்து, மூச்சுத் திணறும் குழந்தை ஒன்றுக்கு ஒரேயொரு இயந்திரம் வேண்டும், இரண்டு நாளில் தந்துவிடுகிறேன் என்று கேட்டார். சிஸ்டர் உத்தரவைக் காட்டினார். குழந்தையைப் பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்சில் அனுப்பினார்கள். அது பிழைத்துவிட்டது. டாக்டரம்மா அதற்குப் பிறகு சிஸ்டரைப் பார்த்தால் தலையசைப்பதில்லை.

கருவிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கும் வந்து வந்து பார்த்தார். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு திருப்புளி துருத்திக்கொண்டிருப்பதால் அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

“பேட்டரி பசுமாடு மாதிரி சிஸ்டர். கறக்காம விட்டா வத்திடும். உறையப் பிரிச்சு வாரத்துக்கு ஒரு தடவை ஓட விடணும்.”

“பிரிச்சா அடுத்த நிமிஷம் மோப்பம் பிடிச்சு வந்துடுவாங்க, எனக்கு ஒண்ணு உனக்கு ஒண்ணுன்னு. நீ வேற வேலையப் பாரு.”

திருப்புளி வேறு வேலையைப் பார்த்தார்.

இப்போது, ஒத்திகை முடிந்து கண்காணிப்பாளர் அறையில் அவரைத்தான் முதலில் நிற்க வைத்தார்கள். கண்காணிப்பாளருக்கு முகம் சிவந்திருந்தது.

“மெஷினைப் பாக்கிறதுதானய்யா உன் வேலை? எட்டுல ஒண்ணாவது ஓட வேண்டாமா?”

திருப்புளி சிஸ்டரைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

“அவர் பலதடவை கேட்டார் சார். நான்தான் திறந்து விடல” என்றார் சிஸ்டர். “பத்திரமா இருக்கட்டும்னு நெனச்சேன்.”

அதிகாரி கோபப்படவில்லை. அவருக்கு அலுப்புதான் இருந்தது.

“நீங்க மட்டும் இல்ல சிஸ்டர். நான் போற எடத்துல பாதி இப்படித்தான். ஒரு ஊர்ல மெஷினுக்குப் பூப்போட்ட துணி தச்சுப் போத்தியிருந்தாங்க, கல்யாணப் பொண்ணு மாதிரி. ஆனா நான் எழுதித்தான் ஆகணும். அடுத்த ஒத்திகையிலயும் இப்படின்னா வார்டை மூடிட்டு எட்டையும் தலைமையகக் கிடங்குக்கு எடுத்துக்குவாங்க. தாழ்வாரம்தான் உங்களுக்கு மிஞ்சும்.”

பேட்டரிகளை மாற்றித்தர அதிகாரி ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். மாற்றினாலும், ஓடாமல் கிடந்தால் மறுபடி அதே கதிதான் என்று திருப்புளி சொன்னார். வெறுமனே ஓட விடுவதைவிட, வேலை நடக்கிற பிரிவுகளில் முறைபோட்டு ஓடினால் நல்லது. பழுது இருந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

சிஸ்டரும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தங்கை பள்ளிச் சீருடை தைப்பவள். அன்று சாயங்காலம் அவள் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து பொத்தான் துளை போட்டுக்கொண்டிருந்தாள். சிஸ்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததைச் சொன்னார்.

“எல்லாத்தையும் கைமாத்தா குடுக்கணுமாம். குடுத்துட்டு, அடுத்த காய்ச்சல் வர்ற அன்னிக்கு ஒவ்வொரு வாசலா போய்க் கையேந்தி நிக்கணும். உன் வீட்டுக்காரருக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக்கூடாதுன்னுதானடி இவ்வளவும் பண்ணேன்.”

தங்கை மிதியிலிருந்து காலை எடுத்தாள்.

“அக்கா, அவருக்கு மூச்சு முட்டினப்போ மெஷின் இல்லைன்னாங்க. அந்தக் குழந்தைக்கு முட்டினப்போ மெஷின் இருக்கு, தர முடியாதுன்ன. படுத்திருக்கிறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“உத்தரவு அப்படி இருந்துச்சுடி.”

“அன்னிக்கு நம்மகிட்டயும் அதத்தான் சொன்னாங்க.”

சிஸ்டர் எழுந்து முகம் கழுவப் போனார். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. தங்கை கூப்பிடவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு இரண்டு பேருக்கும் தட்டுப் போட்டாள்.

மறுநாள் காலை திருப்புளியின் மேசைமேல் சாவி இருந்தது.

“இது என்ன சிஸ்டர், தொலைஞ்சு போச்சுன்னு யாராவது போலீசுக்குப் போயிடப் போறாங்க.”

“வாய மூடிட்டு வாய்யா. உறையப் பிரிக்க நீயும் வா. எனக்குத் தனியா மனசு வராது.”

பிரிப்பதற்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று. பிளாஸ்டிக் காய்ந்து உடைந்து கையோடு வந்தது. புது பேட்டரிகள் வந்ததும் சிஸ்டர் ஒரு நடைமுறை வகுத்தார்: இயந்திரங்கள் மாறிமாறி மற்றப் பிரிவுகளுக்குப் போகும், நோயாளிக்குத் தேவைப்படும்வரை அங்கேயே இருக்கும், தேவை முடிந்த அன்றே திரும்ப வேண்டும், வராவிட்டால் அவரே போய் நிற்பார். முதல் இயந்திரத்தைக் குழந்தைகள் பிரிவுக்குத் தானே உருட்டிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா இயந்திரத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார். “திருப்பிக் கேப்பீங்களே?”

“கேப்பேன். கழுத்துல துண்டப் போட்டுக் கேப்பேன்.”

டாக்டரம்மா சிரித்து, உட்காரச் சொன்னார். சிஸ்டர் உட்காரவில்லை. ஆனால் வார்டுக்குத் திரும்பியதும் ஜன்னல்களைத் திறந்து வைத்தார்.

எலும்பு முறிவுப் பிரிவு ஒன்றைத் திருப்பித் தர மறந்தது. சிஸ்டர் அந்த வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மதியத்துக்குள் கிடைத்தது.

அடுத்த ஒத்திகை செப்டம்பரில் நடந்தது. காவலர் இந்தமுறையும் காலை உதறினார். அவரை உயிரோடு வார்டில் சேர்த்தார்கள். எட்டு இயந்திரங்களில் ஏழு அங்கே இருந்தன. ஏழும் பிளக் இல்லாமல் ஓடின. எட்டாவது குழந்தைகள் பிரிவில் ஒரு கைக்குழந்தைக்குப் பொருத்தப்பட்டிருந்தது. அதை எடுத்து வரச் சொல்லட்டுமா என்று கண்காணிப்பாளர் கேட்டார். வேண்டாம் என்று சிஸ்டரும் அதிகாரியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

வார்டு மூடப்படவில்லை.