இமெல்டாவுக்குப் போட்ட கைக்குட்டை

எங்கள் ஐரோப்பியச் சுற்றுலாவில் ஒவ்வோர் ஊரிலும் பேருந்தில் ஓர் இருக்கை குறைந்துவிடும். கைக்குட்டை போட்டு இடம் பிடிக்காதவர் அந்த ஊரிலேயே தங்கிவிட வேண்டும். கோவையில் கிளம்பும்போதே இதைச் சொல்லிவிட்டார்கள். யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

முதல் கோட்டை நகரத்தில் சமையல்காரர் தங்கினார். மறுநாளிலிருந்து ரசம் இல்லை. அடுத்த ஊரில் ஒரு கணவர் தங்கினார். மனைவி ஜன்னல் வழியாக அவருடைய மாத்திரைப் பையை நீட்டினார். அவர் அதை வாங்கிக்கொண்டு மணிக்கூண்டில் ஏறினார். அதுவரை ஓடாத கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

நானும் இமெல்டாவும் பயப்படவில்லை. மாலை நேர இத்தாலிய வகுப்பில் நாங்கள் ஒரே பெஞ்ச். காந்திபுரம் டவுன் பஸ்ஸில் யார் முதலில் ஏறினாலும் மற்றவளுக்கும் சேர்த்துத்தான் இடம் பிடிப்போம். ஐரோப்பாவிலும் அப்படியே செய்வதாகப் பேசிவைத்திருந்தோம்.

பயணத்தில் அன்றன்று பார்த்ததை மட்டும் எழுதும்படி வகுப்பு ஆசிரியை சொல்லியிருந்தார். நான் எழுதுகிறேன். சரியாகப் பார்த்தேனா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு.

கடலோரக் கிராமம் அழகாக இருந்தது. வீடுகள் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக இருந்தன. ஒரு பெண் காய்ந்த துணிகளை எடுத்து, நனைத்து, மறுபடி காயப்போட்டாள். படம் பிடிப்பவர்கள் அதற்கு நன்றி சொன்னார்கள்.

இமெல்டா தன் தொப்பியைத் தேவாலயப் படியில் மறந்துவிட்டதாகச் சொன்னாள். எடுத்து வரப் போனேன். போகும்முன் என் கைக்குட்டையை அவளிடம் கொடுத்தேன். நீல ஓரம், மூலையில் எலுமிச்சை சாதத்தின் மஞ்சள் கறை.

படியில் தொப்பி இல்லை. திரும்பி வந்து பேருந்தில் ஏறினேன். நான் நடக்க நடக்க நடைவழி நீண்டது. கடைசியில் ஒரே ஓர் இருக்கை மிச்சம் இருந்தது. அதன் மேல் என் கைக்குட்டை இருந்தது. அதன் பக்கத்தில் தொப்பியோடு இமெல்டா நின்றிருந்தாள்.

சுற்றுலா மேலாளர் தணிகாசலம் கைக்குட்டையைத் தூக்கிப் பார்த்தார். "இது யாரோடது?"

"என்னுதுதான் சார்," என்றாள் இமெல்டா.

நான் கறையைப் பார்த்தேன். அந்த எலுமிச்சை சாதத்தை அவளும்தான் சாப்பிட்டாள். அவளிடமும் ஒரு நீலக் கைக்குட்டை இருந்திருக்கலாம். நான் யோசித்து முடிப்பதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"வாசுகி, நீங்க எறங்கிக்கிடுங்க," என்றார் தணிகாசலம். "காத்து நல்லா இருக்கும்."

பேருந்து நகர்ந்தபோது இமெல்டா ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை வீசினாள். கடலைப் பார்த்திருந்த பெஞ்சின் மேல் அது விழுந்தது.

"எனக்கு இடம் புடிச்சு வைடி. வந்துடறேன்."

உட்கார்ந்தேன். பக்கத்தில் கைக்குட்டையை விரித்துவைத்தேன். பறக்காமலிருக்க ஒரு கல்லும் வைத்தேன்.

எதிரே மீன் விற்றுக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்தவராம். இந்தக் கிராமத்தில் இங்கேயே பிறந்தவர் ஒருவரும் இல்லையாம்.

"உட்டுட்டுப் போனது யாருங்க?" என்று கேட்டார்.

"சிநேகிதி."

"எனக்கு மச்சானுங்க."

அவர் திரும்பிப்போய் மீன் வெட்டினார். மாலையில் கிராமத்தார் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து கடலைப் பார்க்க வேண்டும். பயணிகள் என் முதுகைப் படம் எடுத்துக்கொள்வார்கள். முதுகு இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். முயன்றேன். சரியாக வந்ததா என்று தெரியவில்லை.

பேருந்துகள் வந்தன, போயின. ஒவ்வொன்றிலும் யாராவது பெஞ்சைக் காட்டிக் கேட்டார்கள். ஆள் வருகிறது என்று சொன்னேன். நகர்ந்துவிட்டார்கள். கைக்குட்டையை வாரத்துக்கு ஒருமுறை துவைத்தேன். கறை மட்டும் போகவில்லை.

பிறகு எங்கள் பேருந்து வந்தது. உள்ளே ஒரே ஓர் இருக்கைதான் இருந்தது. அதிலிருந்து இமெல்டா இறங்கினாள். அவள் இறங்கியதும் தணிகாசலம் அந்த இருக்கையைக் கழற்றிச் சாலையோரம் வைத்தார். பிறகு டிரைவரின் பக்கத்தில் நின்றபடியே போய்விட்டார். சாலையோரம் இருந்த இருக்கையை மீன்கடைக்காரர் தராசு வைக்க எடுத்துக்கொண்டார்.

இமெல்டா வெயிலில் நின்றாள். தொப்பி வெளுத்திருந்தது. கிராமம் முழுவதையும் ஒருமுறை பார்த்தாள். உட்கார வேறு இடம் இருக்கவில்லை. என்னிடம் வந்து, நாங்கள் இரண்டாம் பாடத்தில் சேர்ந்து மனப்பாடம் செய்த வாக்கியத்தை இத்தாலிய மொழியில் கேட்டாள். இந்த இடம் காலியா என்று அர்த்தம். உச்சரிப்பு இன்னும் தவறாகவே இருந்தது.

"ஆள் வருது," என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கைக்குட்டையைப் பார்த்தாள். மூலையிலிருந்த கறையையும் பார்த்தாள்.

"யாரு?"

"என் சிநேகிதி."

"எப்ப வருவா?"

"வந்துடறேன்னு சொல்லியிருக்கா."

இமெல்டா தலையாட்டினாள். பெஞ்சின் ஓரமாக நின்றுகொண்டாள். நாங்கள் இருவரும் பேருந்து வரும் சாலையைப் பார்த்தோம்.