சீனி என்று எழுதிய டப்பா

"கடைசி வரிசையக் கொஞ்சம் பின்னால தள்ளுப்பா, ஆளு நடக்க வழி வேணும்லா" என்று பந்தல்காரனிடம் சொல்லிவிட்டு, செபாஸ்டின் தானே இரண்டு நாற்காலிகளைத் தூக்கிப் போட்டார். உள்ளே முன்னறையில் அவர் மனைவி ஞானசௌந்தரி பெட்டிக்குள் படுத்திருந்தாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்குக் கோவிலுக்கு எடுக்க வேண்டும்.

நேற்று மத்தியானம் மீன் கழுவிக்கொண்டிருந்தவள் நெஞ்சு என்னமோ செய்கிறது என்றாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அழ வேண்டியதை எல்லாம் நேற்றே அழுதுவிட்டாரோ என்னவோ, இன்று அவரிடம் அசதி மட்டும்தான் மிச்சம் இருந்தது. உட்கார்ந்தால் வருகிறவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு எப்படிப் போனாள் என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்வதைவிட நாற்காலி அடுக்குவது எவ்வளவோ தேவலாம்.

துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். நட்டோ, கயிறோ, கிரீஸ் டின்னோ, எதைக் கேட்டாலும் எந்த ரேக், எந்தத் தட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓய்வு பெற்ற அன்று மேடையில் இருபது நிமிஷம் பேசினார். பொருள் அதனதன் இடத்தில் இருந்தால் மனுஷனுக்குக் கோபமே வராது, வாழ்க்கையில் தான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான் என்றார். நன்றாகக் கை தட்டினார்கள். மறுநாளிலிருந்து அவர் பேச்சைக் கேட்க வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். ஒரு வாரம் பேப்பர் படித்துப் பார்த்தார். எட்டாம் நாள் அடுக்களைக்குள் நுழைந்தார்.

நாற்பது டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைக் காகிதம் ஒட்டி, கறுப்பு மார்க்கரில் பெயர் எழுதி, புதிதாக அடுக்கினார். ஞானசௌந்தரி நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குக் கை பழகிப்போச்சு. பழைய மாதிரியே இருந்துட்டுப் போட்டுமே?"

"ரெண்டு நாள்ல பழகிரும். எதுக்கும் ஒரு முறை வேண்டாமா?"

அதற்குப்பின் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் அவர் அடுக்களை வாசல் வரை கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார். பெருமை பிடிபடவில்லை.

அவளுக்கும் அது பிடித்துப்போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு இருந்திருப்பார். போன வாரம் மகள் ஜெனிஸோடு அவள் போனில் பேசியதில் பாதி காதில் விழுந்து தொலைத்தது. "அவுக வேலைக்குப் போய்ட்டு இருந்தப்ப நிம்மதியா இருந்துச்சுளா." சிரித்துக்கொண்டு சொன்னாளா, சலித்துக்கொண்டு சொன்னாளா? அன்றைக்கே கேட்டிருக்கலாம். என்ன பதில் வருமோ என்று பயந்து, நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டார். இனி யாரிடம் கேட்பது?

பதினோரு மணிக்குக் கடையிலிருந்து வந்த டீ தீர்ந்துவிட்டது. வேம்பாரிலிருந்து ஞானசௌந்தரியின் தம்பி கிருபாநிதி ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கியிருந்தான். பக்கத்து வீட்டு மரியசெல்வி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "எங்க வீட்டுக் காப்பித்தூள் இருக்கு, நான் கடுங்காப்பி போடுதேன். சீனி மட்டும் இங்க எடுத்தாப் போதும். அண்ணாச்சிதான் எல்லாத்துலயும் பேரு எழுதி வச்சிருக்காகளே, தேடக்கூட வேண்டாம்."

அந்த நிலையிலும் செபாஸ்டினுக்கு அது கேட்க இதமாக இருந்தது. அதற்காக உடனே வெட்கமும் பட்டார்.

காப்பி வந்தது. கிருபாநிதி ஒரு வாய் குடித்துவிட்டு, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் முழித்தான்.

"அத்தான், உப்பால்ல கரிக்கி."

செபாஸ்டின் அடுக்களைக்குப் போனார். மரியசெல்வி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "சீனினு எழுதுன டப்பாதான் அண்ணாச்சி, நீங்களே பாருங்க."

சீனி என்று அவர் கையால் எழுதியிருந்தது. உள்ளே பொடியுப்பு. பக்கத்தில் உளுந்து என்று எழுதிய டப்பாவைத் திறந்தார். சீனி. மிளகில் வெந்தயம், ரவையில் மல்லி, பாசிப்பருப்பில் காப்பித்தூள். ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து திறந்து வைத்தார்.

ஸ்டோர் கீப்பருக்கு இது புரிய நேரமாகவில்லை. கலைந்து கிடக்கவில்லை, ஒழுங்காகத்தான் இருந்தது. அடுப்புக்கு இடதுபக்கம், கை நீட்டினால் எட்டும் தூரத்தில் உப்பு, சீனி, காப்பித்தூள். முப்பது வருஷமாக எங்கே இருந்ததோ அங்கேயே. டப்பாக்களை அவர் வைத்த இடத்தில், எழுத்து தெரிய, அப்படியே விட்டுவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றி வைத்திருக்கிறாள். இந்த இரண்டு வருஷத்தில் அவளுக்கு ஒரே ஒரு நாள் அவர் ஒரு காப்பி போட்டுக் கொடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஜெனிஸ் பின்னால் வந்து நின்றாள். அழுது அழுது அவளுக்குக் குரல் போயிருந்தது.

"ஒனக்குத் தெரியுமாளா?"

"அம்மா சொல்லியிருக்காங்கப்பா. அவுக வெளிய பாத்துட்டு சந்தோசமா போயிருவாக, உள்ள எதுக்குத் தெறக்கப் போறாகன்னு."

செபாஸ்டின் ஒரு மூடியை மூடினார். மறுபடி திறந்தார். "என்னால அவளுக்கு ரொம்பச் சடவா, சலிச்சுப் போய்ட்டாளா?"

முன்னறையில் ஜெபமாலை முடிந்து பாட்டு ஆரம்பித்திருந்தது. ஜெனிஸ் ஒரு தம்ளரை எடுத்தாள். பிறகு, "காலையில மாத்திரை போட்டீங்களாப்பா?" என்றாள்.

போடவில்லை. தினமும் ஞானசௌந்தரிதான் தண்ணீரும் மாத்திரையுமாகக் கொண்டுவந்து கையில் கொடுப்பாள். மேல் தட்டின் ஓரத்தில் மாத்திரை என்று எழுதிய டப்பா இருந்தது. எழுதி ஒட்டிய பிறகு அதை அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. என்ன பருப்போ இருக்கப்போகிறது என்று திறந்தார்.

மாத்திரைகள் இருந்தன. அட்டையை ஒவ்வொரு வேளைக்கும் தனித்தனியாகக் கத்தரித்து, காலைக்கு உள்ளது ஒரு ரப்பர் பேண்டில், ராத்திரிக்கு உள்ளது ஒரு ரப்பர் பேண்டில் கட்டி, எடுத்தவுடன் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். நாற்பது டப்பாவில் அது ஒன்றுதான் அவர் எழுதியபடி இருந்தது.

காலைக்கு உள்ள கட்டிலிருந்து ஒன்றை உருவி எடுத்தார். ஜெனிஸ் தம்ளரில் தண்ணீர் மோந்து கொடுத்தாள். விழுங்கினார்.

"இந்தப் பேப்பரை எல்லாம் கிழிச்சிரட்டாப்பா? வாரவங்க பூராம் கொழம்புவாங்க."

"வேண்டாம்மா. இருக்கட்டும்."

மரியசெல்வி பாத்திரத்தைக் கழுவி மறுபடி அடுப்பில் வைத்திருந்தாள். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது.

"அண்ணாச்சி, சீனி எதுல இருக்கு?"

"உளுந்துல" என்றார் செபாஸ்டின்.