ரெண்டரை கிலோ

அந்தப் பிரசவ மையத்தில் பிறந்த குழந்தைகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல ரெண்டரை கிலோ. ஒன்றுகூட ரெண்டு நானூறு இல்லை, ரெண்டு அறுநூறு இல்லை. கடவுள் என்ன அச்சு வைத்தா பிள்ளை வார்க்கிறார்? புதிதாக வேலைக்குச் சேர்ந்து பதிவேட்டைப் புரட்டிய செவிலிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

காரணம் தெரிந்ததும் சிரிப்பு போய்விட்டது. ரெண்டரைக்குக் கீழே எழுதினால் எடை குறைந்த குழந்தை. வாராவாரம் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், மேலிடத்துக்கு விளக்கம் வேறு எழுத வேண்டும். ரெண்டரை என்று போட்டுவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. பழைய ஆட்கள் அப்படியே பழகிவிட்டார்கள். அவள் மட்டும் தராசு காட்டியதை எழுதினாள்.

தாய்சேய் நலத்தில் பொதுச் சுகாதார மேற்படிப்பு படிக்க வேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை. அதற்குப் பெரிய டாக்டரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். விண்ணப்பத்தோடு அதை அனுப்ப அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. கிளம்பும்போதே அம்மா சொன்னாள்: "இன்னைக்கு ஒரு நாளாவது வாயை வச்சுக்கிட்டு சும்மா இருடீ. கையெழுத்து வாங்கிட்டு அப்புறம் சண்டை போடு."

பெரிய டாக்டரின் மேசையில் கடிதம் தயாராக இருந்தது. பக்கத்தில் பதிவேடும் இருந்தது.

"இந்த மாசம் பதினோரு குழந்தைக்குக் கம்மியா போட்டிருக்க. நாளைக்கு மேலதிகாரிங்க வர்றாங்கம்மா. ரெண்டரைன்னு மாத்திட்டு வா, கையெழுத்து போடறேன்."

"தராசு அப்படித்தான் காட்டுச்சு சார்."

"நூறு இருநூறு கிராம்ல என்ன குடி முழுகிடப் போகுது?"

பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தாள். பொய் சொல்வானேன், பேனா மூடியைத் திறந்துவிட்டாள். படித்துப் பெரிய ஆளாகி வந்து எல்லாவற்றையும் திருத்தலாமே என்று மனசு நைசாகப் பேசியது. கடைசி வரியில் இருந்த குழந்தையின் எடை ஒன்று தொள்ளாயிரம். பிறந்து ஆறு நாள். அன்று மதியம் அவள் போக வேண்டிய வீடு. திருத்திவிட்டால் அந்த வீட்டுக்குப் போக அவசியமே இல்லை. பேனாவை மூடிவிட்டு உள்ளே போனாள்.

"மாத்தல சார்."

"அப்ப கடிதமும் இல்ல. இந்தத் திமிரோட போய்ப் படிச்சு என்ன கிழிக்கப் போற?"

"நான் படிக்க நினைச்சதே இப்படிப் பொய்யா எழுதறவங்களைக் கேள்வி கேட்கத்தான் சார்!" தராசைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்த வீட்டில் தாய் பூரித்துப்போய் நின்றாள். "அழறதே இல்ல சிஸ்டர், பாலுக்குக்கூட எழுந்திருக்க மாட்டேங்குது. அவ்வளவு சமர்த்து!"

சமர்த்தாவது ஒன்றாவது! தொட்டால் குழந்தையின் கால் ஜில்லென்று இருந்தது. எடை ஒன்று எழுநூறு. தாயின் வெற்று மார்போடு குழந்தையை அணைத்துப் போர்த்தி, வண்டி பிடித்து மையத்துக்கு ஓடினாள்.

பெரிய டாக்டரே எழுந்து வந்தார். குழந்தையைத் தொட்டதும் அவர் முகம் மாறியது.

"பிறந்தப்ப எடை என்ன? சீக்கிரம் சொல்லு!"

"எதைச் சொல்லட்டும் சார்? தராசு காட்டுனதையா, நீங்க எழுதச் சொன்னதையா?"

அவர் தலை குனிந்தார். "தராசு காட்டுனதைச் சொல்லும்மா."

"ஒண்ணு தொள்ளாயிரம்."

ஆறரை மணிக்குக் குழந்தை வீறிட்டு அழுதது. தாயும் சேர்ந்து அழுதாள். கடிதத்தின் கெடு எப்போதோ முடிந்திருந்தது. டாக்டர் கை கழுவிவிட்டு அவள் பக்கம் தயங்கி நின்றார்.

"அடுத்த வருஷமும் வந்து கடிதம் கேட்பேன் சார்," என்றாள் அவள். "அப்பவும் உள்ள எடையைத்தான் எழுதுவேன்."