கிளைட் பாத்துக்கு ஒரு திறப்பு விழா

“மழையில ஏரோப்ளேனுக்கு ரோடு எப்டிம்மா தெரியும்?” என்று பிரசன்னா ஒன்றாம் வகுப்பில் படிக்கும்போது கேட்டான். அவன் அம்மா ஜான்சி விமான நிலையத்தில் ரேடியோ கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர். “கீழேருந்து ஒரு சாய்வு போட்டு வெச்சிருக்கோம்டா, கண்ணுக்குத் தெரியாது. அதப் புடிச்சிக்கினே எறங்கிடும்” என்றாள்.

அந்தச் சாய்வுக்கு கிளைட் பாத் என்று பெயர். ஓடுபாதை ஓரத்தில் நிற்கும் ஓர் உயரமான கம்பத்திலிருந்து அது புறப்படுகிறது. கம்பத்துக்கு முன்னால் உள்ள தரையும் கருவியின் ஒரு பாகம்தான்; ரேடியோ சிக்னல் அதில் பட்டுத் தெறித்துத்தான் சாய்வாகிறது. அங்கே புல் வளர்ந்தாலே வெட்டிவிடுவார்கள்.

பழைய கம்பத்தை எடுத்துவிட்டுப் புதிது வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்றாடம் விமானங்கள் அதை நம்பி இறங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் அது இன்னும் “திறக்கப்படவில்லை” என்று மேலதிகாரி சூர்யநாராயணனுக்கு ஒரே வருத்தம். ரிப்பன் வெட்டாத எதையும் அவர் வேலை செய்வதாக ஒப்புக்கொள்ள மாட்டார். டெல்லியிலிருந்து ஒரு பெரியவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார். பல்லாவரத்துப் பந்தல்காரர் பொன்னுரங்கத்தைக் கூட்டிவந்து கம்பத்துக்கு நேர் முன்னால் நிறுத்தினார்.

“இங்க போடு. போட்டோல கம்பம் பின்னாடி தெரியணும். மழை வரும், மேல தகரம் அடிச்சிடு.”

“சார், கம்பத்துக்கு முன்னாடி இரும்பு நிக்கக் கூடாது” என்றாள் ஜான்சி.

“ஒரு நாள் கூத்தும்மா. விருந்தாளிய வெயில்லயா நிக்க வைப்பே?”

“மழைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க.”

சூர்யநாராயணன் பந்தல்காரர் பக்கம் திரும்பி அளவு சொல்ல ஆரம்பித்தார். பதில் சொல்வது தன் பதவிக்குக் குறைவு என்று நினைக்கும் இனம் அவர். விழாவுக்கு முதல் நாள் மாலை பந்தலுக்குக் கால் நட்டார்கள். விழா நாள் காலையில் தகரம் ஏறியது. தகரத்தின் கீழ் வெல்வெட் நாற்காலிகள், வாழைமரம், குத்துவிளக்கு, எல்லாவற்றையும்விடப் பெரிதாக சூர்யநாராயணன் படம் போட்ட பேனர்.

கடைசித் தகரமும் ஏறி, வானம் கறுத்து மழை பிடித்த நேரத்தில் கம்பத்தடி அறையில் அலாரம் அடித்தது. தகரத்தில் பட்டுச் சாய்வு கோணிவிட்டதை, சிக்னலைக் கண்காணிக்கும் மானிட்டர் கண்டுபிடித்து, கருவியைத் தானே நிறுத்தியிருந்தது. இறங்க வந்த விமானங்கள் மேலேயே சுற்றின. அவற்றில் ஒன்றில் சிறப்பு விருந்தினர் இருந்தார். தனக்காகப் போட்ட பந்தலால் தரைக்கு வர முடியாமல் அவர் தாம்பரத்துக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தார்.

சூர்யநாராயணன் மாலையோடு வரவேற்பு அறையில் நின்றபடி போன் செய்தார். “மானிட்டர பைபாஸ்ல போட்டு கருவிய ஓட விடும்மா. பத்து நிமிஷம்தான்.”

“சார், சிக்னல் தப்பா போகுதுன்னு மிஷினே சொல்லுது.”

“மிஷினுக்கு புரோட்டோகால் தெரியுமா?”

“முடியாது சார்” என்று போனை வைத்துவிட்டு, ஜான்சி ஒரு கணம் கண்ணை மூடி ஜெபித்தாள். பிறகு மழையில் பந்தலுக்கு ஓடினாள்.

“அண்ணா, தகரத்த எறக்கிடுங்க. இப்பவே.”

“இன்னா மேடம், சாரு இப்பத்தான் போன்ல சொன்னாரு. கை வெச்சா பாஸ் கேன்சலாம். உள்ளயே வுடமாட்டாராம்.”

அந்தப் பாஸ்தான் பொன்னுரங்கத்தின் பிழைப்பு. ஜான்சிக்கு அது தெரியும். “மேல ஜனங்க கீறாங்கண்ணா” என்று மட்டும் சொன்னாள்.

பொன்னுரங்கம் தலையை நிமிர்த்தி மழைக்குள் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. “டேய் தீனா! ஏணியப் போடு. அவுருங்கடா எல்லாத்தையும்!”

தகரம் இறங்கியது, இரும்புக் கால்களைப் பிடுங்கித் தூரமாக இழுத்துப் போட்டார்கள். வெல்வெட் சேற்றில் ஊறியது. பேனரில் சூர்யநாராயணன் குப்புறக் கிடந்தார். ஜான்சி அறைக்கு ஓடிக் கருவியை மறுபடி கிளப்பினாள். பச்சை விளக்கு எரிந்து நிலைத்தது. ஒவ்வொன்றாக விமானங்கள் இறங்கின. விருந்தினருக்கு வாந்தி. ரிப்பன் வெட்டாமலே ஹோட்டலுக்குப் போய்விட்டார்.

சூர்யநாராயணனுக்கு வந்த கோபத்தைப் பார்த்தால், விமானம் விழுந்திருந்தால்கூட இவ்வளவு வந்திருக்குமா என்று தோன்றும். தன் ஆணவத்துக்காக நூற்றுக்கணக்கான உயிர்களை மேலே நிறுத்திவைத்தவருக்கு, கடவுள் அவற்றை இறக்கித் தந்ததற்கு ஒரு நன்றிகூட இல்லை. யார் சொல்லிப் பந்தலைப் பிரித்தார்கள் என்பது ஒன்றே கேள்வி. சொன்னவரை அஸ்ஸாம் பக்கம் மாற்றல் போட்டு அனுப்பாமல் விடப்போவதில்லை என்றார்.

மாலையில் பந்தல் பையன் தீனாதான் கம்பத்தடி அறைக்கு வந்து ஜான்சியிடம் சொன்னான். “அண்ணன் பாஸ புடுங்கிக்கினாங்கக்கா. யாரு சொன்னாங்கன்னு கேட்டாங்க. ‘நானாத்தான் சார் அவுத்தேன், காத்துல பிச்சிக்கும்னு பயம்’னு சொல்ட்டாரு. மேடத்துக்கு இன்னாத்துக்கு பேஜாருன்னு எங்கிட்ட சொன்னாரு.”

அவன் போன பிறகு ஜான்சி கதவைச் சாத்தினாள். அவளும் பேசாமல் இருந்துவிட்டால், அவளை யாரும் கேட்கப் போவதில்லை. வீடு இங்கே பக்கத்தில் கீழ்க்கட்டளையில், பிரசன்னாவுக்கு இந்த வருடம் பத்தாவது. கருவியின் மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. விமான நிலைய இயக்குநருக்கு மெயில் அடித்தாள்: பந்தலைப் பிரிக்கச் சொன்னது நான். காரணம் இது. பந்தல்காரர் மேல் தவறு இல்லை. அனுப்பிவிட்டு விளக்கை அணைத்தாள்.

ஜான்சிக்கு மெமோ வந்தது. பொன்னுரங்கத்துக்குப் பாஸ் திரும்ப வந்தது, ஏன் என்று யாரும் சொல்லவில்லை. சார் மனசு இளகிவிட்டது என்று நினைத்து, அவர் சூர்யநாராயணனுக்கு ஒரு கூடை ஆப்பிள் கொண்டுபோய்க் கொடுத்தார். அவரும் வாங்கிக்கொண்டார்.