கொடியில் கிடந்த சாரம்

புருஷன் சுடலைராஜ் அமுதவள்ளியை விட்டுப் போய் ஏழு வருஷமாகிறது. அவன் இடுப்பில் கட்டிய நீலக்கட்டம் போட்ட சாரம் மட்டும் வாரம் தவறாமல் துவைக்கப்பட்டு அமுதவள்ளி வீட்டு வாசல் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. தெருவைப் பொறுத்தவரை அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ராத்திரி பஸ்ஸில் வந்து விடியுமுன் திரும்பிவிடுகிறான். உண்மை தெரிந்தவர்கள் மகள் முத்துச்செல்வியும் பக்கத்து வீட்டு வெள்ளைத்தாயும்தான். பெண் கேட்டு யாராவது விசாரிக்க வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று வெள்ளைத்தாய்க்கு அமுதவள்ளியே பாடம் நடத்தியிருந்தாள்.

அமுதவள்ளி வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸ் மருந்து நெடியில் அவளுக்கு இருமல் பிடித்து, விடவே இல்லை. வேலையை விடவும் வழியில்லை. அந்தச் சமயத்தில்தான் கைவிடப்பட்ட பெண்கள் மாவு கிரைண்டர் வாங்க அரசு மானியம் தருகிறது என்று கேள்விப்பட்டாள். வீட்டிலிருந்தபடியே மாவு அரைத்து விற்றுப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் கைவிடப்பட்டவள் என்று சான்றிதழ் வேண்டும். அந்த வார்த்தையே அவளுக்குக் கசந்தது. கோவில்பட்டி இ-சேவை மையத்துப் பெண்ணிடம், தெருவில் யாருக்கும் தெரியவராதே என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எல்லாம் கம்ப்யூட்டரில்தான், போனுக்கு மெசேஜ் வரும் என்றாள் அந்தப் பெண். கம்ப்யூட்டர் புறணி பேசாது என்று அமுதவள்ளியும் நம்பி விண்ணப்பித்துவிட்டாள்.

மெசேஜுக்குப் பதிலாக ஆளே வந்து நின்றார். புதிதாக மாற்றலாகி வந்த வருவாய் ஆய்வாளர். இஸ்திரி போட்ட சட்டை, புது பைக். அமுதவள்ளி ஆபீஸ் வேனை விட்டு இறங்கியபோது அவர் வெள்ளைத்தாயிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். எப்போதும்வென்றான் ஊரிலிருந்து முத்துச்செல்விக்கு ஒரு வரன் பேசிவந்த நேரம் அது. மாப்பிள்ளை வீட்டு ஆள்தான் துப்புக் கேட்க வந்திருக்கிறான் என்று வெள்ளைத்தாய் முடிவுகட்டிவிட்டாள்.

"அவிய போன வெள்ளிக்கெழமகூட வந்துட்டுத்தான போனாவ. தங்கமான மனுசன். அங்கன பாருங்க, அவிய சாரந்தான் காயுது."

ஆய்வாளர் அமுதவள்ளி பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

"உங்க வீட்டுக்காரர் வர்றதே இல்லையாம்மா? இல்லைன்னா இப்பவே சொல்லுங்க. அக்கம்பக்கத்துல ரெண்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போயிடுறேன்."

எதிர்வீட்டு வாசலில் சுந்தரேஸ்வரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வரனைக் கொண்டுவந்தவளே அவள்தான். கதவுக்குப் பின்னால் முத்துச்செல்வியின் வளையல் சத்தம் கேட்டது. அமுதவள்ளிக்கு வாய்விட்டு அழ வேண்டும் போலிருந்தது. தொண்டையில் இருமல்தான் வந்தது.

"வாராவ" என்றாள்.

அவர் எதையோ எழுதிக்கொண்டு பைக்கை எடுத்தார். தெருமுனை திரும்பும்வரை காத்திருந்த வெள்ளைத்தாய், பூரிப்போடு கிட்டே வந்தாள்.

"ஏட்டி, துருவித் துருவித்தான் கேட்டான். நான் ஒன்ன விட்டுக்குடுக்கலியே?"

அமுதவள்ளிக்கு ஆத்திரம் பொங்கியது. யார்மேல் காட்ட? வெள்ளைத்தாய் சொன்ன ஒவ்வொரு சொல்லும் இவள் சொல்லிக்கொடுத்தது.

"இல்லக்கா. நல்லாத்தான் சொன்னீய."

மேல்காற்றில் சாரத்தின் ஒரு முனை கொடியிலிருந்து நழுவித் தொங்கியது. சுந்தரேஸ்வரி இன்னும் உள்ளே போகவில்லை. அமுதவள்ளி இருமிக்கொண்டே போய் அதை நேராக்கி, பறந்துவிடாதபடி கிளிப் மாட்டினாள்.