கன்னையனைக் கூப்பிட்ட ஞாயிறு

பல்லடம் ரோட்டில் பைக்கோடு விழுந்ததில் ராபினுக்கு இடது கணுக்கால் மடங்காமல் போனது. பிழைப்பு கெடவில்லை. பனியன் கம்பெனி மெக்கானிக் கன்னையன், அங்கே அவன் தைக்கும் ஓவர்லாக் மெஷினின் பெடலை வலது காலுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். போனது பாட்டுதான். மங்கலம் சபையில் அவன் வாசித்த பெடல் ஸ்டீல் கிதாருக்கு இடது காலில்லாமல் ஆகாது. மேசை மாதிரி நிற்கும் அதில், கீழே பெடலை மிதித்தால் மேலே கம்பி இழுபட்டுச் சுரம் ஏறும். வலது காலுக்கோ சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலை. நன்றிப் பண்டிகைக்குள் வாசிக்க முடியாவிட்டால் கிதாரை வேறு சபைக்குக் கொடுத்துவிடலாம் என்று போதகர் தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் ராபினைத் தூங்கவிடவில்லை.

கன்னையனைக் கூட்டிவந்து காட்டினான். அவர் அடியில் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தார்.

"பாதம் போனா என்னங்க தம்பி, முட்டி இருக்குதில்லீங்க."

தையல் மெஷினில் துணியை அழுத்தும் பாதத்தை முட்டியால் தூக்க ஒரு லீவர் உண்டு. ஓட்டை மெஷின்களிலிருந்து அப்படி இரண்டைக் கழற்றி, பெடலோடு சேர்ந்திருந்த இழுகம்பிகளை அவற்றில் மாட்டினார்.

ராபின் உட்கார்ந்து முட்டியை அசைத்தான். சுரம் வெடுக்கென்று தாவி உச்சியில் நின்றது.

"துளி ஆட்டமில்லீங்க பாருங்க," என்றார் கன்னையன், பெருமையாக. தையல் மெஷினுக்கு அதுதான் நல்ல வேலை.

"இது துள்ளுதுண்ணே. மெல்ல ஏறணும்."

அவருக்குப் பிடிபடவில்லை. ராபின் யோசித்தான்.

"கழுத்து வளைவு தைக்கும்போது பெடலை எப்படி மிதிப்போம்? ஒவ்வொரு தையலா விடுவோம்லா?"

"அத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?"

இழுகம்பியைக் கழற்றி, லீவர் சுழலும் அச்சுக்குக் கிட்டத்தில் புது ஓட்டை போட்டு மாட்டினார். இப்போது முட்டி முழுக்க நகர்ந்தால்தான் சுரம் முழுக்க ஏறியது. நடுவில் எங்கே நிறுத்தினாலும் நின்றது. ராபின் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான்.

பண்டிகையன்று கன்னையன் வந்தார். கூப்பிட்டும் உள்ளே வராமல் செருப்புகளுக்குப் பக்கத்திலேயே நின்றார். ராபின் வாசித்து முடித்ததும் போதகர் நன்றிச் சீட்டுகளை மைக்கில் வாசித்தார். எதற்காக நன்றி என்று வீட்டுக்கொருவர் எழுதிப் போடுவது அந்தச் சபை வழக்கம்.

"பிள்ளை பரீட்சையில் தேறியதற்காக, சின்னத்தாய். மெக்கானிக் கன்னையனுக்காக, ராபின்."

கம்பெனி மைக்கில் மெக்கானிக் பெயர் வந்தால் ஒரே அர்த்தம்தான். ஜனங்களை விலக்கிக்கொண்டு ஓடிவந்த கன்னையன், சட்டைப்பையிலிருந்து ஸ்பேனரை உருவிக் கிதாருக்கு அடியில் குந்திவிட்டார்.

"எதுங்க நின்னு போச்சு?"

"ஒண்ணும் நிக்கலண்ணே, எல்லாம் ஓடுது. ஒங்களுக்கு நன்றி சொல்லத்தான் பேரை வாசிச்சாவ."

முப்பது வருஷமாக ஏதாவது கெட்டால் மட்டுமே கூப்பிடப்பட்ட மனுஷர் அவர். சபை முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்திருக்கவும் தெரியாமல் ஒரு நட்டைத் தடவிப் பார்த்தார்.

"வந்தது வந்தாச்சு, இதை ஒரு முறுக்கு முறுக்கீர்றேனுங்க," என்றார்.

அது இறுக்கமாகத்தான் இருந்தது. ராபின் முட்டியை விலக்கி அவருக்கு இடம் விட்டான்.